நனையாத ராட்டினம்

மும்பையில் பாண்டுப் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் எங்கள் திருநெல்வேலி அண்ணாச்சி 2021இல் ஜோசியம் சொல்லத் தொடங்கினார். கிளி கிடையாது, சோழி கிடையாது. லோக்கல் ரயில்தான் அவருக்குப் பஞ்சாங்கம். "ரயிலுக்கு எப்படி விட்டானோ, அப்படித்தாம்லே ராட்டினத்துக்கும் விடுவான்."

அந்த ஆண்டு பிப்ரவரி 1 முதல் பொதுஜனம் காலை 7 மணிக்கு முன், பகல் 12 முதல் 4 வரை, இரவு 9க்குப் பின் ரயிலேறலாம் என்றார்கள். ஆபீஸ் நேரத்தைக் கொரோனா தனக்கென்று ரிசர்வ் செய்திருந்தது போலும். ஏப்ரலில் அதுவும் போச்சு. ஆகஸ்ட் 15இல்தான் சுதந்திரம்: இரண்டு ஊசி, அதற்குமேல் 14 நாள், அப்புறம் பாஸ்.

அண்ணாச்சி இந்த ரயில் விதிகளை, மூடிக்கிடந்த கோராய் எஸ்ஸெல்வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவுக்கு அப்படியே பெயர்த்தார். "விடியுமுன்ன ராட்டினம், ராத்திரி ஒம்பதுக்குமேல பேய்வீடு. ரெண்டு ஊசி போட்டவன் தலைகீழாச் சுத்தலாம். ஒண்ணு போட்டவன பாதி உசரத்துல நிறுத்திருவான்."

சிரித்தோம். அக்டோபர் 22ஆம் தேதி மகாராஷ்டிராவில் கேளிக்கைப் பூங்காக்கள் திறந்தபோது அரசு அவரையே மிஞ்சிவிட்டது. ராட்டினம் சுற்றலாம், தண்ணீர் விளையாட்டு மட்டும் கூடாது. குளோரின் போட்ட நீரில் நனைவது ஆபத்து. காலை ஸ்லோ லோக்கலில் முன்னால் நிற்பவர் முதுகு வியர்வையில் நனைவதைப் பற்றி உத்தரவில் பேச்சே இல்லை.

அண்ணாச்சி கோராய் போகவில்லை. "காட்கோபர்ல இறங்கணும்னு ஏறுனேன், வித்யாவிகார்ல தள்ளிவிட்டுட்டான். இதுக்குமேல எனக்கு எதுக்குலே ராட்டினம்?"