காவிரியும் கரைக்காத தாளே

வினைல் ஒட்டுத்தாளே, வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டர் வந்த அன்றே உன்னைத் தேடித்தான் கடைக்குப் போனோம். திருவையாற்று அசோகா அல்வாவைப் பயத்தம்பருப்பும் நெய்யுமாகக் கிண்டி டப்பாவில் அடைத்தால், காகித லேபிளில் விடிவதற்குள் நெய்க்கறை படர்ந்துவிடும். உன்மேல் ஒரு சொட்டு நெய் இறங்காது. அப்படி ஒரு வைராக்கியம் உனக்கு.

நெய்யை மட்டுமா, மையையும் நீ தீண்டவிடுவதில்லை. உன் உடம்பான பிவிசி நீரைக் குடிக்காது. அதனால்தான் இங்க்ஜெட்டுக்கான தாளில் மை உறிஞ்சும் பூச்சு ஒன்றைத் தடவி விற்கிறார்கள். உறையைப் படிக்காமல் லேசருக்கான தாளை வாங்கிவந்தேன். மை முத்துமுத்தாக நின்றது; விரல் பட்டதும் இழுவிக்கொண்டது. தாமரை இலைத் தண்ணீர் என்று ஞானிகளுக்குச் சொல்வார்கள். உனக்கும் அது பொருந்திற்று.

சரியான தாள் வந்ததும் குங்குமச் சிவப்பில் பெயர் பளிச்சென்று விழுந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவைத்த டப்பா வியர்த்தது. ‘அசோகா’வின் கடைசித் துணைக்கால் முதலில் கரைந்து, சிவப்பு நூலாக வழிந்து, தயாரித்த தேதியையும் அழைத்துக்கொண்டு கீழே இறங்கியது. எங்கள் பிரிண்டரில் இருந்தது சாய மை. தண்ணீர் பட்டால் நிற்காது. நிறமித் துகள் கலந்த பிக்மென்ட் மை என்றால் தாங்கும். இல்லையென்றால் மேலே லேமினேஷன் ஒட்ட வேண்டும், அதாவது உனக்குக் காவலாக இன்னொரு பிளாஸ்டிக். சொந்தபந்தத்தைக் கூடவே கூட்டிவரும் நல்ல மனசு உனக்கு. எழுத்தெல்லாம் போன பிறகும் உன்மேல் ஒரு சுருக்கம் இல்லை.

இந்தத் திருவையாற்றில் 1847ல் மறைந்த தியாகராஜரின் கிருதிகளைச் சீடர்கள் ஓலையில் எழுதிவைத்தார்கள். ஓலை செல்லரித்துப் போகும், பாட்டு நிற்கும். உன்னிடம் பாட்டு போய்விடும், ஓலை நிற்கும். இப்படி ஒரு வரம் வேறு யாருக்கு வாய்த்தது!

2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. வீட்டு விசேஷங்களுக்குக் காகிதப் பை வாங்கினோம். வாங்கிய கையோடு அதன் நெற்றியில் பெயரச்சடித்து உன்னையே ஒட்டினோம். வாசலில் நிறுத்தினால் பூஜையறை வழியாக வரத் தெரிந்தவன் நீ.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலையில் புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போனேன். முந்தின நாள் காவிரிக்குப் படைக்க அந்தக் காகிதப் பையில் கொண்டுபோன காதோலை ஊறிச் சுருண்டு கிடந்தது. காப்பரிசியை மீன்கள் தின்று தீர்த்திருந்தன. பூக்கள் போன இடம் தெரியவில்லை. கடைசிப் படியில், பாசிக்கு நடுவே, பை கரைந்துபோன பிறகும் நீ மட்டும் ஒட்டியிருந்தாய். நகத்தால் சுரண்டியும் வரவில்லை. என் வீட்டில் அச்சடித்த தாள் அது. நெஞ்சு அடைத்துக்கொண்டது. எத்தனை பேருடைய பாவத்தைக் கரைத்த ஆறு! உன் ஓரத்தைக்கூட அதனால் தொட முடியவில்லை.

நெருப்பும் உன்னிடம் தோற்கும். உன் பிவிசியின் எடையில் பாதிக்குமேல் குளோரின். கொளுத்தினால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் புகையாகக் கிளம்பி, கொளுத்தியவனையே திருப்பி அனுப்பிவிடும்.

அசோகா மூன்று நாளில் தீர்ந்துவிடும். அதன் பெயருக்கு உன்னைப்போல் சிரஞ்சீவி எதற்கு? டப்பாவுக்கு இப்போது காகித லேபிள்தான் ஒட்டுகிறேன், நெய்க்கறையோடு. ஆடிப் பைக்கு வீட்டுப் பெண்கள் மஞ்சளைக் குழைத்துக் கையால் எழுதுகிறார்கள். நீ எங்கள் ஆற்றுக்கு மட்டும் வராதே, மகராசனே.