நாலாயிரம் மெகாவாட் பெட்டிக்கு வாரண்டி உண்டா?

அனுப்புநர்:
கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவன்,
திருவொற்றியூர்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
தமிழ்நாடு மின் உற்பத்திக் கழகம்,
அண்ணா சாலை, சென்னை.

பொருள்: பவர் சப்ளை தேர்ந்தெடுப்பதில் தங்களுக்கு இலவச ஆலோசனை வழங்க முன்வருதல் தொடர்பாக.

பார்வை: எங்கள் மொட்டை மாடியிலிருந்து வடக்கே பார்த்தது.

மதிப்பிற்குரிய ஐயா,

நம் இருவருக்கும் தொழில் ஒன்றுதான். தாங்கள் மெகாவாட்டில் செய்கிறீர்கள், அடியேன் வாட்டில் செய்கிறேன். ரிச்சி தெருவில் சாமான் வாங்கி வந்து ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பையன்களுக்கு கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கிறேன். தங்களுக்கு வாய்க்காத ஒரு துன்பம் எனக்கு உண்டு. என் வாடிக்கையாளர்கள் வாங்கும் முன்பே கேள்வி கேட்கிறார்கள்.

அப்பா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டி, அம்மா சீட்டு எடுத்துச் சேர்ந்த பணம் அது. எனவே எஸ்.எம்.பி.எஸ். என்னும் பவர் சப்ளைப் பெட்டியைக் கையில் கொடுத்ததும் பையன் முகப்பைப் பார்க்கமாட்டான், திருப்பிப் போடுவான். கேபினெட்டோடு சேர்ந்தே வரும் மலிவுப் பெட்டியில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அவன் தேடுவது பக்கத்து ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தை. கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் தின்பது அதைத்தான். அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால் பன்னிரண்டால் பெருக்கி, “அண்ணே, இது நானூத்தம்பது இல்ல, நூத்தித் தொண்ணூத்திரண்டு” என்று என் கையிலேயே திருப்பித் தந்துவிடுவான்.

பிறகு கணக்கு நடக்கும். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கு 115 வாட். 65 வாட் என்று பெயர் வாங்கிய ரைசன் 5 7600 முழு மூச்சில் 88 வாட் வரை இழுக்கும். போர்டு, ராம், விசிறி, டிஸ்க் எல்லாம் சேர்த்து ஓர் அறுபது. ஆகமொத்தம் 263. அப்புறம் எதற்கு 550 வாட் பெட்டி என்பான். இந்தக் காலத்து கார்டுகள் இமைக்கும் நேரத்தில் தம் அளவைத் தாண்டி இழுத்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல் இருக்கும் என்று சொல்வேன். அதற்காகவே 2022ல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதி, பெரிய பெட்டிகள் தம் அளவைப் போல் இரு மடங்கை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்கிறது. தவிர, பாதிச் சுமையில் ஓடும் பெட்டிக்குச் சூடும் குறைவு, சத்தமும் குறைவு. அப்படியானால் 1000 வாட்டே வாங்கிவிடலாமே என்றும் ஒருவன் கேட்பான். அவனுக்குப் பணம் அதிகம், அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தில் தங்கள் பெட்டிகளின் ஸ்டிக்கரையும் ஒருமுறை படித்தேன். அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1200, 2024ல் வந்த மூன்றாம் கட்டம் 800. பக்கத்தில் தாங்களும் மத்திய அரசின் என்.டி.பி.சி.யும் கூட்டுச் சேர்ந்து வைத்த வல்லூர் 1500. மொத்தம் 4130 மெகாவாட். எங்களுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்க மாட்டேன். இது எங்களுக்கு வாங்கியதே இல்லை, ஊருக்கு வாங்கியது. கேபினெட் மட்டும் எங்களுடையது.

கேபினெட் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ராயபுரத்துப் பழைய வீடுகளில் இன்னும் இரண்டு ஓட்டை பிளக் பாயிண்ட் உண்டு. எர்த் கிடையாது. அங்கே எவ்வளவு உயர்ந்த எஸ்.எம்.பி.எஸ். மாட்டினாலும் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். பெட்டிக்குள் மின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சின்ன கெப்பாசிட்டர்கள் துளிக் கரண்டை எர்த்துக்கு அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட்டிலேயே நின்று, தொடுகிறவன் வழியாக இறங்கும். பெட்டி நல்லதுதான், விதிப்படிதான் வேலை செய்கிறது, ஷாக் மட்டும் பக்கத்தில் இருப்பவனுக்கு. தங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது திறன். 2004ல் அமெரிக்காவில் 80 பிளஸ் என்று ஒரு சான்று தொடங்கினார்கள். சுவரிலிருந்து இழுப்பதில் எத்தனை சதவீதம் உள்ளே போய்ச் சேருகிறது, எத்தனை சூடாகப் போகிறது என்பதற்குப் பதக்கம். பாதிச் சுமையில் 85 என்றால் வெண்கலம், 90 என்றால் தங்கம், 94 என்றால் டைட்டானியம். அது அவர்களுடைய 115 வோல்ட்டில் எடுத்த கணக்கு. நம் 230 வோல்ட்டில் கொஞ்சம் கூடவே வரும். எங்கள் பையன்கள் வெண்கலத்துக்குக் கீழே தொடமாட்டார்கள். ‘மீதி பதினஞ்சு சதவீதம் எங்க அண்ணே போகுது?’ என்று அதையும் விடமாட்டார்கள்.

தங்கள் கொதிகலனில் போடும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கம்பியில் ஏறுகிறது. மூன்றாம் கட்டத்து சூப்பர்கிரிட்டிக்கல் யூனிட் சற்றுத் தேவலை. நாற்பதைத் தொட்டால் அதற்குச் சந்தனம் பூசலாம். இது நீராவியின் குணம், யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்பார்கள் இன்ஜினியர்கள். வாஸ்தவம். ஆனால் மீதிச் சூட்டை எண்ணூர்க் கழிமுகத்தில் கொண்டுபோய் விடலாம் என்பது நீராவி எடுத்த முடிவல்ல. வெந்நீர் போதாதென்று சாம்பலும் உண்டு. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது நாற்பது சாம்பல்தான்; அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்பி, செப்பாக்கத்திலும் குருவிமேட்டிலும் குளம் கட்டி வைத்திருக்கிறீர்கள். குழாய் கசிந்து கழிமுகம் தூர்ந்து, காட்டுக்குப்பத்து மீனவர்கள் சாம்பல் சேற்றில் இறால் தேடி, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், 2022ல் உத்தரவும் வந்தது. நான் விற்ற பெட்டி இப்படிக் கசிந்தால் பையன் மறுநாளே வாசலில் நிற்பான், பில்லோடு. பதக்க வரிசையில் வெண்கலத்துக்குக் கீழே ‘சாம்பல்’ என்று புதிதாக ஒன்று சேர்க்கச் சிபாரிசு செய்கிறேன். கையிருப்புக்குக் குறைவில்லை.

பாதுகாப்பு விஷயத்திலும் என் பெட்டி கொஞ்சம் கர்வம் பிடித்தது. வோல்டேஜ் ஏறினால், ஷார்ட் ஆனால், சூடு மிஞ்சினால் தானே அணைந்துவிடும். சுவரில் கரண்ட் போனாலும் ஏறக்குறைய 17 மில்லி விநாடி தம் கட்டி நிற்கும். 2024 செப்டம்பர் 12 ராத்திரி மணலி துணைமின் நிலையத்தில் தீப்பிடித்து நகரத்தில் பாதி இருட்டானபோது எல்லாப் பெட்டிகளும் அந்த 17 மில்லி விநாடியையும் கடமை தவறாமல் நின்றிருக்கும். மணலி என்றால் அது தொடரமைப்புக் கழகத்தின் பொறுப்பு என்று பதில் வரும், தெரியும். அதே 2024ல் பகிர்மானத்துக்கும் பசுமை எரிசக்திக்கும் தனித்தனிக் கழகம் ஆக்கியதிலிருந்து பக்கத்து அறையைக் காட்டுவது இன்னும் வசதி.

பில் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். 350 வாட் இழுக்கும் கம்ப்யூட்டரில் தினம் ஐந்து மணி நேரம் விளையாடினால் இரண்டு மாதத்துக்கு 105 யூனிட். அரசு தரும் இலவச 100 யூனிட்டையும் பையன் ஒருத்தனே சுட்டுத் தள்ளிவிடுகிறான். அது அவன் வீட்டுப் பஞ்சாயத்து.

கடைசியாக வாரண்டி. நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஐந்து வருஷம், மேல்தரத்துக்குப் பத்து வருஷம் தருகிறார்கள். உப்புக் காற்றில் திருகாணி வரை துருப்பிடிக்கும் ஊரில் அது பெரிய வாக்குறுதி. 1970ல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம், 450 மெகாவாட், 2017 மார்ச் 31ல்தான் மூடப்பட்டது. வாரண்டி யாரிடம் இருந்ததென்று எங்களுக்குச் சொல்லவில்லை. இப்போது அதே பக்கத்தில் 660 மெகாவாட் புதுப்பெட்டி என்கிறீர்கள். 2024 டிசம்பரில் கருத்துக் கேட்புக் கூட்டமும் வைத்தீர்கள். ஜனங்கள் வேண்டாம் என்றார்கள். என் கடையில் வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவது வழக்கம். தங்கள் கடையில் என்ன வழக்கம் என்று எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அந்த 660க்கு ஸ்டிக்கர் அடிக்கும்போது, சூடு எங்கே போகும், சாம்பல் எங்கே போகும், எர்த் யார் என்ற மூன்று கட்டங்களைச் சேர்த்து, எர்ணாவூர் பஸ் ஸ்டாப்பில் ஒட்டித் தரவும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். பையன்கள் திருப்பிப் போட்டுப் படிக்க முடியாத சைஸ் அந்தப் பெட்டி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள சக தொழிலாளி.

நகல்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் (தகவலுக்காக மட்டும். நடவடிக்கை எடுத்துப் பழக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.)