வாரம் ஒரு அத்தியாயம்: கேள்வி–பதில்

கே: நாவலை முதலில் படிக்க வேண்டுமா, தொடரை முதலில் பார்க்க வேண்டுமா? (கல்லூரி மாணவி, திண்டிவனம்)

ப: நாவலைத்தான். 'பொன்னியின் செல்வன்' படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் படித்தால் வந்தியத்தேவன் பக்கத்துக்குப் பக்கம் கார்த்தியாகவே வருவார். படித்துவிட்டுப் பார்த்தால் உங்களிடம் இரண்டு வந்தியத்தேவன்கள் இருப்பார்கள், ஒருவர் உங்களுக்கு மட்டும் சொந்தம்.

கே: 'பொன்னியின் செல்வன்' படத்தில் மணிமேகலையை ஏன் தூக்கிவிட்டார்கள்? (வாசகி, விழுப்புரம்)

ப: நேரம்தான். கல்கி 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாராவாரம் எழுதிய கதை அது. மணிரத்னத்திடம் இருந்தது இரண்டு படங்கள், மொத்தம் ஐந்தரை மணி நேரம். யாரையாவது இறக்கிவிட்டால்தான் வண்டி நகரும். ஆனால் இறக்கிவிட்டது மணிமேகலையை என்பதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. நாவல் முடிவதே அவள் மரணத்தில்தான். பட்டாபிஷேகமும் ஆரவாரமும் ஓய்ந்தபின், யாரும் பொருட்படுத்தாத அந்தப் பெண்ணிடம் கல்கி திரும்பி வருகிறார். அவளை எடுத்துவிட்டதும், ஐந்து பாகமும் எங்கே போய்ச் சேர்கிறதோ அந்த இடமே இல்லாமல் போய்விட்டது.

நம் பெரிய நாவல்களில் பல, பத்திரிகையில் வாரத் தொடராகப் பிறந்தவை. அவற்றுக்குச் சினிமாவைவிட வாரத் தொலைக்காட்சித் தொடர்தான் அளவான சட்டை.

கே: எத்தனையோ தொடர்கள் வந்தும் 'மர்மதேசம்' மட்டும் ஏன் இன்னும் பேசப்படுகிறது? (மளிகைக் கடைக்காரர், விக்கிரவாண்டி)

ப: அந்த அளவு பொருந்தியதால். இந்திரா சௌந்தர்ராஜன் பத்திரிகைத் தொடரில் கை தேர்ந்தவர். அத்தியாயத்தை எந்த வரியில் நிறுத்தினால் வாசகர் ஒரு வாரம் தவிப்பார் என்பது அவருக்கு அத்துப்படி. அவர் கதைகளை 1990களின் பிற்பாதியில் நாகா சன் டிவிக்காக 'மர்மதேசம்' என்ற வாரத் தொடராக இயக்கினார். 'விட்டுவிடு கருப்பா' நாவல் அங்கே 'விடாது கருப்பு' ஆனது. அதில் கருப்பசாமியின் குதிரை கண்ணுக்குத் தெரியும் முன்பே குளம்பொலி காதுக்கு வந்துவிடும். புத்தகத்தில் ஒரு பத்தி முழுக்க எழுத வேண்டிய பயத்தை அந்த ஓசை சில நொடியில் கொடுத்தது. மீதியை நாம் சேர்த்துக்கொண்டோம், ஊர் எல்லையில் நமக்கும் ஒரு சாமி இருக்கிறதே! அந்தத் தவிப்பு அடுத்த வாரம் வரை டீக்கடையிலும் பள்ளிக்கூடத்திலும் பேச்சாக ஓடியது. 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்தபோது பலரும் முதலில் சொன்னது அந்தத் தொடரைத்தான்.

கே: இப்போது ஏன் சேனல்கள் நாவல் பக்கமே அதிகம் வருவதில்லை? (இல்லத்தரசி, செஞ்சி)

ப: நாவல் முடிந்துவிடும், அதுதான் அவர்களுக்குச் சிக்கல். தினத்தொடர் முடியவே கூடாது. ரேட்டிங் ஏறினால் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டும், இறங்கினால் ஒருவரைக் கோமாவில் படுக்க வைக்க வேண்டும். முடிவை நோக்கி எழுதப்பட்ட கதையை இப்படி இழுத்தால் அறுந்துவிடும். வெளிநாட்டிலும் பாருங்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 2019இல் முடிந்தபோது ஜார்ஜ் மார்ட்டினின் ஆறாவது புத்தகம் வந்திருக்கவில்லை. நாவல் கைகொடுத்த வரை நின்று நடந்த தொடர், அது தீர்ந்த பிறகு ஓட ஆரம்பித்தது. கடைசிப் பருவத்தின் அவசரத்தைத் தீவிர ரசிகர்களே மன்னிக்கவில்லை.

கே: மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பது துரோகம் இல்லையா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அனந்தபுரம்)

ப: ஐயா, நம் திரௌபதி அம்மன் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்கிறார், இரவில் அதே கதை கூத்தாகிறது. மூலமும் தழுவலும் ஒரே ஊரில், ஒரே நாளில். அம்மனுக்குக் காவலாக நிற்கும் போத்துராஜா வில்லியிலும் இல்லை, வியாசரிலும் இல்லை. அவரைத் துரோகம் என்று நம் ஊரில் யார் சொல்வார்கள்? படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் ஆளுயரத்தைத் தாண்டிக் கிடக்க, வீமன் வேடக்காரர் தொடையில் அடிக்க, திரௌபதி கூந்தலை முடிகிறாள். பார்க்கிற பெண்கள் அழுகிறார்கள். சேர்த்தது கதையின் உயிரோடு ஒட்டியதா என்பதே கேள்வி. பி.ஆர்.சோப்ராவின் 'மகாபாரத'த்தில் ராஹி மாசூம் ரஸா 'காலம்' என்பதையே கதைசொல்லி ஆக்கினார். அதுவும் ஒட்டியது. ஒட்டாத குத்துப்பாட்டைச் சேர்த்தால் நானும் உங்கள் கட்சிதான்.

கே: எழுத்தாளரையே உடன் வைத்துக்கொண்டால் நாவல் தப்பிக்குமா? (திரைக்கதை பயிலும் இளைஞர், மயிலம்)

ப: பல நேரம் தப்பிக்கிறது. பீஷ்ம சாஹ்னியின் 'தமஸ்' 1988இல் தூர்தர்ஷனில் வந்தபோது அவரே ஒரு முக்கிய வேடத்தில் நடித்தார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1977இல் படமானபோது திரைக்கதை ஜெயகாந்தனுடையது. மாறாக, ஆர்.கே.நாராயணின் 'கைடு' 1965இல் இந்திப் படமானபோது அவர் படைத்த ஊரான மால்குடி மறைந்து ராஜஸ்தான் வந்தது, தன் மனக்குறையை அவர் கட்டுரையாகவே எழுதினார். பின்னர் சங்கர் நாக் 'மால்குடி டேஸ்' எடுக்க ஆகும்பேவுக்குப் போனார். நாராயணின் தம்பி ஆர்.கே.லக்ஷ்மண் வரைந்த படங்களோடு வந்த அந்தத் தொடரில், மாஸ்டர் மஞ்சுநாத் தெருவில் நடந்தால் மால்குடி தெரிந்தது. ஊர் கிடைத்துவிட்டால் பாதி நாவல் கிடைத்த மாதிரி, தம்பி.

கே: 'சிவகாமியின் சபதம்' தொடரானால் எங்கே எடுக்கலாம்? (ஆசிரியை, அனந்தபுரம்)

ப: செட் போடும் முன் நம் பக்கம் வரச் சொல்லுங்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் கல்லில் வெட்டி வைத்தது நம் மண்டகப்பட்டில்தான். முகப்பின் இரு பக்கமும் நிற்கும் காவலர்களைக் கேமரா அவசரப்படாமல் பார்த்தால் போதும், அந்த அரசன் யார் என்று வசனம் இல்லாமலே புரியும். பிறகு பனைமலை. நாவலில் சிற்பி ஆயனர் அழியாத வண்ணத்தின் ரகசியம் தேடி ஏங்குகிறாரே, அந்த ஏக்கத்துக்கு ஒரு பதில் அங்கே கோயில் சுவரில் இருக்கிறது. கட்டியவன் மாமல்லனின் கொள்ளுப்பேரன் ராஜசிம்மன். குடையின் கீழ், ஒரு காலை மடித்து, தலை சாய்த்து நிற்கும் தேவி. அவள் பார்க்கும் சிவனின் ஆட்டம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. ஆடற்பெண்ணின் கதையை எடுக்க வருகிற இயக்குநர் அந்தச் சுவருக்கு முன் ஒரு காலைப்பொழுது உட்கார வேண்டும்.

கே: நானே ஒரு நாவலைத் தொடராக எழுத நினைக்கிறேன். எதை எடுக்கலாம்? (உதவி இயக்குநர், திண்டிவனம்)

ப: பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', அடுத்து 'வானம் வசப்படும்'. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து எழுந்த புதுச்சேரிக் கதை, வாரம் வாரமாகப் பிரிக்கத் தோதானது. தெருக்கள் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கின்றன. சேனல்காரர்களிடம் போகும்போது இருபத்தாறு வாரம், அதற்கு மேல் ஒரு வாரமும் கிடையாது என்று முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.