போர் தூளும் பெட்ரோல் கனவும்

கே: எங்கள் தோட்டத்தில் 800 அடி போர் போட்டும் புழுதிதான் பறந்தது. காவிரிப் படுகையின் நரிமணத்தில் இதே மாதிரித் தூளைப் பார்த்தே எண்ணெய் இருக்கிறதா என்று சொல்லிவிடுகிறார்களாமே? (வாசகர், தேவதானப்பட்டி)

ப: சொல்கிறார்கள், கொஞ்சம் இழுத்துத்தான். உங்கள் போரில் செய்வதுபோல் அங்கே தூளைக் காற்றால் ஊதுவதில்லை. குழாய்க்குள் இறங்கிச் சுற்றி ஏறும் சேறுதான் கல் துணுக்கைத் தூக்கி வரும். அதிரும் சல்லடையில் நிற்பதைச் சில மீட்டருக்கு ஒருமுறை அள்ளி, கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைப்பார் ஜியாலஜிஸ்ட். அமிலச் சொட்டுக்குப் பொங்கி நுரைத்தால் சுண்ணாம்புக்கல். புற ஊதா விளக்கில் மினுங்கினால் எண்ணெயாக இருக்கலாம். அந்த 'லாம்' முக்கியம்! குழாயில் தடவிய கிரீஸும் மினுங்கும், கால்சைட் என்ற தாதுவும் மினுங்கும். கரைப்பான் ஒரு சொட்டு விட்டால் தாதுவின் குட்டு உடையும். கிரீஸ் அதிலும் நடிக்கும். போதாததற்கு, 2,000 மீட்டர் ஆழத்துத் துணுக்கு மேலே வரவே ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அந்தக் கணக்குத் தப்பினால் ஆழமே தப்பு. உங்கள் ஊர் மூங்கிலணை காமாட்சிக்கு மூடிய கதவின் முன்தானே பூஜை? இவர்கள் பாடும் அப்படித்தான்.

தேனிப் பக்கம் அடியில் கிடப்பது சார்னோக்கைட், நைஸ் போன்ற, வெந்து உருமாறிய பழம்பாறை. எண்ணெய்க்குக் காவிரிப் படுகைபோல் படிவுப்பாறை வேண்டும். டெல்டாவிலேயே 2020 வேளாண் மண்டலச் சட்டத்துக்குப் பிறகு புதிய எண்ணெய்க் கிணற்றுக்குத் தடை. ஆகவே உங்கள் போரில் டீசல் வாடை அடித்தால், முதலில் கம்ப்ரஸர் லாரிக்கு அடியில் குனிந்து பாருங்கள்.