மூக்கைப் பார்க்கப் போகிறவர்கள்

கையில் கொஞ்சம் காசு சேர்ந்த நம்மூர் இளந்தாரிகளுக்கு இப்போது நுவரெலியாக் குளிர் காணாது. அருணாசலப் பிரதேசம் போக வேண்டுமாம். நியாயமான ஆசைதான். பெரிய பழங்குடிகள் மட்டுமே 26 என்று சொல்லப்படும் மாநிலம் அது. உட்பிரிவுகள் நூறைத் தாண்டும். தவாங்குக்குப் போகும் பாதை 13,700 அடி உயரத்தில் சேலா கணவாயைக் கடக்கிறது. 2024 இல் அங்கே சுரங்கப்பாதையும் திறந்துவிட்டார்கள். பள்ளிவாசல் மினாராவுக்கு மேல் உயரமானது எதையும் காணாத கல்முனைக் கரையோரத்தானுக்கு இதைக் கேட்டாலே தலை சுற்றும். போனால் காற்றுக் குறைந்து இன்னொருமுறை சுற்றும். மலை பார்க்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ‘விசித்திரமான வழக்கம் உள்ள சனங்களைப் பார்க்கப் போகிறேன்’ என்று வெளிக்கிடும்போதுதான் சிரிப்பு வருகிறது. அதற்காகவென்றால் கல்முனையில் பஸ் ஏறவே தேவையில்லை.

1960களின் கடைசியில் டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றுக்கு வந்து சேர்ந்தார். வழிதவறி வரவில்லை, எங்களைப் பார்க்கத்தான் வந்தார். இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிகளாக வாழும் முறையை ஆராய்ந்து அவர் எழுதிய தடித்த புத்தகத்தை 2008 இல் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. அதில் இருப்பதெல்லாம் நமக்குப் பழகிப் புளித்த சங்கதிகள். பிள்ளை உம்மாவின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் கல்யாணம் ஆகாது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெட்டியோடு பெண்வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணின் பெயரில் சீதனமாக எழுதப்பட்டிருக்கும். பெண்ணைப் பெற்றவர்களோ இளைய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, அடுத்த மகளுக்கு வீடு எழுப்ப வேறு வளவுக்குப் பெயர்வார்கள். கடைசி மகள் வீட்டில்தான் அவர்கள் பாய் விரித்து ஆறுதலாகப் படுப்பது. மேகாலயத்துக் காசி மக்களிடையே பரம்பரை வீடு கடைக்குட்டி மகளுக்குத்தான் என்று கேட்டு வாய் பிளந்து வீடியோ எடுக்கிறவர், தன் மச்சான் எப்படி ராத்தா வீட்டில் வந்து குடியேறினார் என்று ஒருநாளும் யோசிப்பதில்லை. அருணாசலத்துக்குள் நுழைய இந்தியருக்கே 1873 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின்படி அனுமதி வேண்டும். நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு வேறொரு பத்திரம் வேண்டும். நாள் முடிந்தால் இரண்டு பேரும் வெளியேற வேண்டியதுதான். நம்மூர் மருமகனுக்கு மட்டும் ஆயுள் விசா.

‘அவர்கள் மலையில் இருக்கும் பழங்குடிகள், நாங்கள் பட்டணத்துச் சனம், எங்களுக்கு மாநகர சபையே இருக்கிறதே’ என்று இதற்கு ஒரு மறுப்பு வரும். இட்டாநகருக்கும் மாநகராட்சி இருக்கிறது. அதோடு, அந்த மாநிலத்துக்கு 60 உறுப்பினர் கொண்ட சட்டசபை உண்டு. நமது கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 இல். எது ஒதுக்குப்புறப் பிரதேசம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம். கொஞ்சம் கனமான மறுப்பு இன்னொன்று: ‘குடியெல்லாம் எங்கே இப்போது இருக்கிறது? இளம்பிள்ளைகளுக்குப் பெயர்கூடத் தெரியாதே’. உண்மைதான். ஆனால் ஸிரோப் பள்ளத்தாக்கின் அபதானிப் பெண்கள் மூக்கின் இரு பக்கமும் அடைப்பு வைக்கும் வழக்கத்தையும் 1970களிலேயே விட்டுவிட்டார்கள். நிஷி மக்களின் தொப்பியில் இருக்கும் இருவாட்சி அலகும், அந்தப் பறவையைக் காப்பாற்றுவதற்காக, பலரிடம் இப்போது கண்ணாடியிழையில் செய்ததுதான். அதனால் அபதானி அபதானியல்லாமல் போனதா, நிஷி நிஷியல்லாமல் போனாரா? நம் பக்கத்திலும் குடிப்பெயர் மறந்த பெடியன்தான் பெண்வீட்டுக் கதவுக்கு என்ன வர்ணம் அடித்திருக்கிறார்கள் என்று விசாரிக்கிறான்.

இதில் எனக்குக் குறையாகப் படுவது போவதல்ல, போய்ப் பார்க்கிற விதம். ஸிரோவுக்குப் போகிறவர்கள் மிச்சமிருக்கும் மூத்தம்மாமாரின் மூக்குக்கு முன்னால் கமராவை நீட்டுகிறார்கள். கடத்திக்கொண்டு போகாமலிருக்கத்தான் அந்த அடைப்பு என்ற கதையை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள். ஓர் அபதானிப் பெடியன் சாய்ந்தமருதுக்கு வந்து, வெற்றிலை மெல்லும் நமது மூத்தம்மாவின் வாய்க்கு அருகே கமராவைப் பிடித்தால் அவன் முழுசாகத் திரும்பிப் போவானா? அதே ஸிரோவில் கமராவுக்குப் பின்னால் பரந்து கிடக்கிறது வயல். மாடு பூட்டி உழாமல், வயல்நீரிலேயே மீனும் வளர்த்து, வரப்பில் கேழ்வரகும் போட்டு நெல் விளைவிக்கிற வயல். நிந்தவூர்ப் போடியார் ஒருவரை அங்கே இறக்கிவிட்டால் மூக்கை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். தண்ணீர் பங்கிடுவது யார், இங்கும் வட்டவிதானை உண்டா என்று கேட்டு அன்று பின்னேரமே சம்பந்தம் பேசும் அளவுக்கு நெருங்கிவிடுவார்.

வழக்கம் என்றால் அதற்குக் காசு கட்டுகிற ஒருவர் எங்கேயோ இருப்பார். அதையும் படத்தில் காண முடியாது. நமது தாய்வழி முறை கேட்கக் குளிர்ச்சியானது: பெண்ணுக்குச் சொந்த வீடு, பக்கத்தில் உம்மா, மாமியார் தூரத்தில். ஆனால் மூன்று மகள்மாரைப் பெற்ற வாப்பா மூன்று வீடு கட்டக் கட்டாருக்குப் போகிறார். காக்கா தன் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் பெண்ணுரிமை, உள்ளே சீமெந்துக் கடன். இது நமக்குத் தெரியும், ஏனென்றால் கடன் நம்முடையது. மலைக்குப் போகிறவரும் ஆட்டத்தையும் உடையையும் படமெடுத்த கையோடு, இதற்கெல்லாம் இங்கே யார் செலவழிக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டால், அவரை நான் பயணி என்று ஒத்துக்கொள்வேன். அதுவரை அவர் மூக்குப் பார்க்க வந்தவர்தான்.

எப்படியும் அனுமதிப்பத்திரம் கைக்கு வரக் கொஞ்சம் நாள் பிடிக்கும். அதற்குள் உங்கள் குடி எதுவென்று உம்மாவிடம் கேட்டு வையுங்கள். வாப்பாவிடம் கேட்டுப் பிரயோசனமில்லை, அவர் வேறு குடி.