நிறைகுறை சுட்டல்: வாட்ஸ்ஆப் கவிதையின் ஈற்றுவரி குறித்து ஓர் ஆய்வு

இவ்வாய்வு கவிதையைப் பற்றியதன்று. கவிதைக்குக் கீழே வரும் ஒற்றை வரியைப் பற்றியது. குழுவில் கவிதை இடுவோர் இரு சாரார். ஒரு சாரார் கவிதையையும் அடியில் தம் பெயர், ஊரையும் இட்டு நிறுத்திக்கொள்வர். மறு சாரார் அதன்கீழ் ‘நிறைகுறைகளைச் சுட்டவும்’ என்று சேர்ப்பர். இவ்விரண்டில் எது தக்கது என்பதே ஆய்வுச் சிக்கல். சொந்தக்காரர் குழு, பழைய மாணவர் குழு, அடுக்ககக் குழு ஆகிய மூன்றும் ஆய்வு எல்லை. இலக்கியக் குழுக்கள் விலக்கப்பட்டன. அங்கே எல்லோரும் கவிதை இடுவதால் படிப்போர் என்னும் தரவு கிடைப்பதில்லை.

முன்னோர்க்கு இச்சிக்கல் எழவில்லை. அரங்கேற்றம் என்று ஒன்று இருந்தது. குறை கேட்க விருப்பமா என்று அங்கே எந்தப் புலவரையும் யாரும் வினவியதில்லை. தொல்காப்பியமே நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவித்த பிறகுதான் வெளிவந்தது என்கிறது அதன் பாயிரம். காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்பர் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, காப்புச் செய்யுளின் முதற்சொற் புணர்ச்சிக்கே இலக்கணம் எங்கே என்று மறித்தார்களாம். மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தோடு வந்து விதியைக் காட்டிவிட்டு மறைந்தார். வந்தவர் முருகன் என்பது மரபு. ஒரு சந்திக்காகக் கடவுள் இலக்கண நூலைச் சுமந்து வர வேண்டியிருந்தது. திருவரங்கத்தில் கம்பரின் இரணியன் வதைப் படலத்துக்குத் தடை எழுந்தபோது மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஆரவாரித்தார் என்பர். இதை ‘லைக்’ எனக் கொள்வதா, ‘ஹாஹா’ எனக் கொள்வதா என்பது தனி ஆய்வுக்குரியது.

தருமியின் வழக்கைச் சற்று விரிக்க வேண்டும். பிறர் பாட்டைத் தம் பெயரில் அனுப்பிய வகையில் ‘ஃபார்வர்டு’ மரபுக்கு அவரே முதல்வர். ஈற்றுவரி எதுவும் அவர் சேர்க்கவில்லை. கேட்டது பொற்கிழி ஒன்றே. கேளாமலே குறை வந்தது. 1965-இல் வெளியான ‘திருவிளையாடல்’ படத்தில் தருமியாக வந்த நாகேஷை ஊரே நினைவில் வைத்திருக்கிறது. நக்கீரராக நடித்தவர் அப்படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனே என்பதைச் சொன்னால்தான் பலருக்கு நினைவு வருகிறது. குறை சொல்பவர்க்கு ஊர் அளிக்கும் இடம் அவ்வளவே. கதையிலும் எரிந்தவர் யார்? பிழையான பாட்டைக் கொண்டுவந்த தருமி அல்லர், பாட்டை எழுதிய இறைவன் அல்லன். பிழையைச் சுட்டியவர்தான் வெந்து பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். சீத்தலைச் சாத்தனார் பிறர் பாட்டில் பிழை கண்டபோதெல்லாம் எழுத்தாணியால் தம் தலையில் குத்திக்கொள்வார் என்றும் ஒரு கதை உண்டு. சீத்தலை ஊர்ப்பெயர் என்று மறுப்பாரும் உளர். அவர் வாதம் வலியது, கதை சுவையானது. பிழைபடப் பாடியவர்களைப் பிள்ளைப் பாண்டியன் குட்டியதும், வில்லிபுத்தூரார் காதறுத்ததும், ஒட்டக்கூத்தர் தலை கொய்ததும் எதிர்ச்சான்றாகக் காட்டப்படலாம். அம்மூவர் கையிலும் அதிகாரம் இருந்தது. நம் குழுக்களில் அட்மினுக்கும் அவ்வளவு அதிகாரம் இல்லை என்க.

இனித் தரவு. ஆய்வாளரின் பெரியப்பா (இனி, கவிஞர்) ஒரு நாள் விடிகாலையில் சொந்தக்காரர் குழுவில் ‘கோடை மழை’ என்னும் கவிதையை இட்டார். சூரிய உதயப் படம் பின்னணி. மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கடைசி வரி: ‘நிறைகுறைகளைத் தயங்காமல் சுட்டவும்.’ முதலில் சின்ன அத்தையின் பூங்கொத்து வந்தது. ‘செம மாமா’ என்றார் சென்னை மாப்பிள்ளை. பிறகு வரிசையாகக் கைகூப்பு.

இக்கைகூப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. காலை வணக்கத்துக்கும் இதுவே, மொய் வந்து சேர்ந்ததற்கும் இதுவே, துக்கச் செய்திக்கும் இதுவே. கவிதைக்குக் கீழ் வரும்போது ‘படித்தேன்’, ‘படிக்கவில்லை, ஆனால் பார்த்தேன்’, ‘போதும்’ என மூன்று பொருளும் தர வல்லது. அனுப்பியவர் முதற்பொருளையே கொள்வார். 2022-இல் செய்தியின் மேலேயே குறியிடும் வசதி வந்தபின் ‘அருமை’ என்று மூன்றெழுத்து தட்டும் உழைப்பும் மிச்சமாயிற்று.

அப்போதுதான் சம்பந்தி வழியில் குழுவுக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஈற்றுவரியை அப்படியே நம்பிவிட்டார். “ஐந்தாம் வரியில் ‘நனைந்துப் போனேன்’ பிழை. மென்தொடர்க் குற்றியலுகர வினையெச்சத்தின் பின் வல்லினம் மிகாது. ‘நனைந்து போனேன்’ என்க.” அவர் சொன்னது முற்றிலும் சரி. நன்னூலின் பத்துக் குற்றங்களையும் வகுப்பில் ஒப்பிக்க வைத்தவர் அவர். கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், நின்று பயனின்மை எல்லாம் அந்தக் கவிதையில் அவர் கண்ணில் பட்டிருக்கும். அவற்றை விட்டு ஒரு ‘ப்’பன்னாவை மட்டும் தொட்டார். இதைக் கருணை எனக் கொள்க.

விளைவு வருமாறு. கவிஞர், ‘தட்டச்சுப் பிழை ஐயா, நன்றி’ என்று எழுதினார். மறுநாள் அவருடைய காலை வணக்கம் வரவில்லை. சின்ன அத்தை ஆசிரியரைத் தனியே அழைத்து, “பெரியவர் ஆசையா எழுதுறாரு, விட்டுடலாமே சார்” என்றார். அடுத்து வந்த வளைகாப்பில் ஆசிரியருக்குப் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வரவில்லை. தற்செயலாகவும் இருக்கலாம்.

ஆகவே பெறப்படுவது: குறை கேட்கலாமா வேண்டாமா என்னும் வினாவைப் புலவர் பக்கம் நின்றே இதுவரை எழுப்பியிருக்கிறோம். செலவு மறுபக்கம். ‘நிறைகுறைகளைச் சுட்டவும்’ என்பதில் ‘குறை’ என்பது மொய்க்கவரில் ஒட்டிய ஒரு ரூபாய் போல முறைக்காக இருப்பது. அதை எடுத்துக் கடையில் கொடுப்பார் இல்லை. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்யத் தக்கவர் ஆசிரியர், உடன்கற்றவர், மாணாக்கர், உரைகாரர் என நன்னூல் வரையறுத்தது; மைத்துனரைச் சேர்க்கவில்லை. பவணந்தியார் குழு எதிலும் இருந்திராமலே இதை உணர்ந்திருக்கிறார். 1959-இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியது விமர்சனத்துக்காக; அதில் வளர்ந்ததோ புதுக்கவிதை. விமர்சனத்துக்கென்று தனி இடம் இருந்தால் கவிதை தானே வந்து சேரும் போலும். கவிதைக்கென்று திறந்த இடத்தில் விமர்சனம் வந்து சேர்ந்ததற்கு இம்மூன்று குழுக்களிலும் சான்றில்லை.

எனவே இவ்வாய்வின் பரிந்துரை: குழுவில் ஈற்றுவரி வேண்டா. குறை தேவைப்படுவோர், கவிதையில் அக்கறையே இல்லாத, ஆனால் தம்மேல் பயமும் இல்லாத ஒருவரிடம் தனியே வாசித்துக் காட்டுக. இதுவும் சோதிக்கப்பட்டது. பெரியம்மா அடுப்படியில் இருந்தபடியே ‘கோடை மழை’யைக் கேட்டார். “உள்ளம் நனைஞ்சுதுங்கிறீங்க. அன்னைக்கு மொட்டை மாடியில வடாம் காய்ஞ்சுது. எடுங்கன்னு கத்தினேன், நீங்க ஜன்னல்கிட்டயே நின்னீங்க. அது எங்க இதுல?”

கவிஞர் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் திருத்திய பாடம் குழுவுக்கு வந்தது; ஈற்றுவரி இல்லை, உள்ளத்தின் இடத்தில் வடாம் நனைந்திருந்தது. கைகூப்புகள் குறைந்தன. சின்ன அத்தை மட்டும், ‘அடப்பாவமே, எத்தனை படி அரிசி?’ என்று கேட்டிருந்தார். கவிதையின் உட்பொருள் குறித்து அக்குழுவில் பதிவான முதல் வினா அதுவே.