பெயரில்லாத அரபி

கேள்வி: உயர்தரத்தில் தமிழ் படிக்கிறேன். பிரெஞ்சு இலக்கியம் ஒரு பெருங்கடல் என்கிறார்கள். அதை எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு மாணவி, சாய்ந்தமருது

பதில்: கடற்கரையில் இருந்தே தொடங்குங்கள், மகள்! ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' (1942) நாவலில் அப்படியொரு கடற்கரை வருகிறது. அல்ஜீரிய வெயில் கண்ணைக் குத்த, மெர்சோ ஓர் அரபியைச் சுடுகிறான். விழுந்து கிடக்கும் உடம்பில் மேலும் நான்கு குண்டுகள். வழக்கு நடக்கிறது. தாயின் மௌத்துக்கு அவன் ஏன் அழவில்லை என்று நீதிமன்றம் குடைகிறது. செத்தவன் பெயரை மட்டும் நாவல் கடைசிவரை சொல்வதே இல்லை.

காம்யு மகா கலைஞர்தான். ஆனாலும் இந்த மௌனம் என் நெஞ்சில் முள்ளாகவே கிடக்கிறது. அந்த முள்ளைப் பிடுங்க அல்ஜீரியாவிலிருந்தே ஒருவர் வந்தார். 2013இல் கமெல் தாவூத், அதே பிரெஞ்சு மொழியில் ஒரு பதில் நாவல் எழுதினார். அதில் செத்தவன் பெயர் மூஸா; கதை சொல்பவர் அவன் தம்பி ஹாரூன். உங்கள் தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் பெயர்கள்!

'அந்நியன்' நாவலை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கினார். க்ரியா 1980இல் வெளியிட்டது. அதை முடித்த கையோடு, கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த பலஸ்தீனக் கவிதைகளை எடுங்கள். பெயர் மறுக்கப்பட்டவர்கள் தாங்களே பேசுவதை அங்கே கேட்பீர்கள். இந்த விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.